காரின் கறுப்புப் பில்லர் மங்கிவிட்டதா? வீட்டிலேயே பளபளப்பை மீட்கும் வழி

முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில், ஜன்னல் உயரத்துக்கு நிற்கும் கறுப்புப் பட்டையைக் கவனித்திருப்பீர்கள். கார் வாங்கின புதிதில் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஒரு வருஷம் போனதும் வெயில் படும்போது சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். நாலைந்து வருஷத்தில் அது கறுப்பா சாம்பலா என்றே சொல்ல முடியாத நிறத்துக்கு வந்துவிடும். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும் காரைக்கூட இந்த ஒரு பட்டை பழசாகக் காட்டிவிடும்.

கார் விற்பவர்கள் இதற்குப் பியானோ பிளாக் என்று பெயர் சொல்வார்கள். கடைத்தெருவில் வெறும் பில்லர்தான். பக்கக் கண்ணாடியின் அடிப்பாகம், முன் கிரில், பின் ஸ்பாய்லர், கூரை மேல் சுறாத் துடுப்பு மாதிரி நிற்கும் ஆன்டெனா என்று பளபளப்பான கறுப்பு பிளாஸ்டிக் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. நான் பில்லரை வைத்தே சொல்கிறேன். அதைச் செய்யக் கற்றுக்கொண்டால் மற்றவையும் வந்துவிடும்.

போன மாதம் என் தங்கை வீட்டுக்காரர் தன் காரோடு வந்தார். ஐந்து வருஷத்து வெள்ளைக் கார். சென்னைப் புறநகரில் ஓர் அபார்ட்மென்ட் வாசலில், திறந்த வெளியில் நிற்பது.

“மச்சான், பில்லருக்குத் தேங்காய் எண்ணெய் தடவினா கறுத்துடும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. தடவிப் பார்த்தேன், ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு.”

“சரி மாப்ள, மூணாவது நாள்?”

“புழுதி அப்பிக்கிச்சு. இப்ப முன்ன இருந்ததைவிட மோசம்.”

அன்று காலை இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் காரின் நாலு கறுப்புப் பட்டைகளையும் மீட்டோம். அதில் செய்ததையும், அதற்கு முன் வேறு கார்களில் நான் கற்றுக்கொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். முதல் தடவை செய்கிறவர்களுக்காக என்பதால் கொஞ்சம் விலாவாரியாகவே போகிறேன்.

மங்குவது எதனால்

வெயில்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கைக் கெடுக்கிறது. ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்குக்குள் ரப்பர் மாதிரியான ஒரு சேர்மானம் உண்டு, வெயிலில் முதலில் சாவது அதுதான். அதனால் ஏ.பி.எஸ். பாகங்களுக்கு மேலே பெயின்ட்டோ, கிளியர் என்ற நிறமில்லாத பூச்சோ பூசியிருப்பார்கள். அக்ரிலிக் என்ற இன்னொரு பிளாஸ்டிக் வெயிலை நன்றாகத் தாங்கும், ஆனால் சுலபமாகக் கீறல் விழும்.

மீதிப் பாதி நம் கை வேலை. தினமும் காலையில் அரை பக்கெட் தண்ணீரும் ஒரே துணியுமாக வந்து பத்து காரைத் துடைத்துவிட்டுப் போகிறார்களே, அந்தத் துணியில் பத்து காரின் மணலும் இருக்கிறது. நாம் மட்டும் என்ன, ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் காய்ந்த புழுதி மேல் மஞ்சள் துணியைப் போட்டு ஒரு இழுப்பு இழுக்கிறோம். ஒவ்வொரு இழுப்பும் கண்ணுக்குத் தெரியாத நூறு கோடுகள். வெள்ளைக் கதவிலும் அதே கோடுகள் இருக்கின்றன, ஆனால் தெரிவதில்லை. கறுப்பு அப்படியில்லை. அதன் அழகே ஒளியைக் கண்ணாடி மாதிரி ஒரே திசையில் திருப்புவதில்தான் இருக்கிறது. கீறல்களின் விளிம்பில் பட்டு ஒளி நாலா பக்கமும் சிதறினால் கறுப்பு வெளுத்துத் தெரியும். ஆக, நாம் மங்கல் என்று சொல்வதில் பெரும்பங்கு நிறம் போனது அல்ல, ஆயிரக்கணக்கான நுண்ணிய கீறல்தான். பாலிஷ் போட்டால் திரும்பி வருவதும் அதனால்தான்.

மூன்றாவதாக உப்புத் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் கால்சியமும் மக்னீசியமும் வட்ட வட்டமாகப் படிந்துவிடும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று கார் கழுவுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். அதைச் செடிக்கு ஊற்றுவதைவிட வாசல் கழுவ வைத்துக்கொள்ளலாம், காருக்கு மட்டும் வேண்டாம்.

தொடுவதற்கு முன் அது என்ன பொருள் என்று பாருங்கள்

இந்த ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கறுப்புப் பட்டை மூன்று விதமாக இருக்கலாம். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம்.

முதலாவது, ஸ்டிக்கர். நிறையக் கார்களில், முக்கியமாக விலை குறைந்த மாடல்களில், பில்லரில் இருப்பது தனி பிளாஸ்டிக் பாகமே அல்ல. கதவின் இரும்புச் சட்டத்தின் மேல் ஒட்டிய கறுப்பு வினைல். கதவைத் திறந்து ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். காகிதக் கனத்துக்கு ஒரு படி தட்டுப்படும், சில இடத்தில் உள்பக்கம் மடித்து ஒட்டியிருப்பதும் தெரியும். விரல் முட்டியால் தட்டினால் இரும்புச் சத்தம் கேட்கும்.

இரண்டாவது, பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். தனியாக மாட்டிய பாகம், சுற்றிலும் இடைவெளி இருக்கும், தட்டினால் டொக்கென்று பொள்ளல் சத்தம் வரும். மேலே கறுப்பு பெயின்ட், அதற்கும் மேலே கிளியர்.

மூன்றாவது, உடம்பு முழுக்கக் கறுப்பான பிளாஸ்டிக். பெயின்ட் கிடையாது, அச்சில் வார்க்கும்போதே கறுப்பு. பெரும்பாலும் அக்ரிலிக்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் எடுத்து, கண்ணில் படாத ஓரத்தில் பத்துத் தடவை தேயுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் மேலே கிளியர் இல்லை, நேராகப் பிளாஸ்டிக்கையோ கறுப்பு பெயின்ட்டையோ தேய்க்கிறீர்கள். துணி கறுக்காவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது. பாகத்தைக் கழற்ற முடிந்தால் பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஏ.பி.எஸ். என்றோ, அக்ரிலிக்கைக் குறிக்கும் பி.எம்.எம்.ஏ. என்றோ இருக்கும்.

நாலாவதாக ஒன்று உண்டு, அது இந்தக் கட்டுரைக்குள் வராது. பம்பரின் அடிப்பாகத்திலும் சக்கர வளைவிலும் சொரசொரப்பாக, பளபளப்பே இல்லாமல் ஒரு கறுப்பு இருக்கிறதே, அது பி.பி. என்ற வேறு வகை பிளாஸ்டிக். அதற்குப் பாலிஷ் போட்டால் வெள்ளையாகக் காய்ந்து குழிக்குள் உட்கார்ந்துகொள்ளும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டிக் கறுப்பாக்கும் வீடியோக்கள் எல்லாம் அந்தச் சொரசொரப்பு வகைக்குத்தான். பளபளப்பான பில்லரில் அந்த வித்தையைக் காட்டினால் பாகம் வளைந்துவிடும்.

தண்ணீர் சொல்லும் பதில்

இனி, தேறுமா தேறாதா என்று பார்க்க வேண்டும். அம்மிக்கல் காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாக இருக்கும், தண்ணீர் பட்டதும் கன்னங்கரேலென்று ஆகும். கல்லின் நிறம் மாறவில்லை. மேலே இருக்கும் நுண்ணிய மேடு பள்ளத்தைத் தண்ணீர் நிரப்பியதும் ஒளி சிதறாமல் போகிறது, அவ்வளவுதான். பில்லரிலும் அதையே செய்து பாருங்கள். ஈர விரலால் மங்கின இடத்தில் ஒரு கோடு இழுங்கள்.

ஈரம் பட்ட இடம் நல்ல கறுப்பாகிக் காய்ந்ததும் மறுபடி வெளுத்தால் பிரச்சினை மேல்பரப்பில்தான். பாலிஷ் போட்டால் சரியாகும். ஈரத்திலும் வெள்ளைத் திட்டு அப்படியே நின்றால், அல்லது நகம் பட்டதும் செதில் செதிலாக உரிந்தால், கிளியர் உள்ளே விட்டுப் போய்விட்டது. அதைத் தேய்த்துப் பயன் இல்லை. அதற்கான வழி கடைசியில் வருகிறது.

தேங்காய் எண்ணெய் இரண்டு நாள் வேலை செய்ததன் ரகசியமும் இதுதான். தண்ணீர் ஒரு நிமிஷம் செய்ததை எண்ணெய் இரண்டு நாள் செய்தது. கீறல் அப்படியே இருந்தது, மேலே புழுதியும் சேர்ந்துகொண்டது. கடையில் விற்கும் எண்ணெய்ப் பசையுள்ள டிரிம் டிரெஸ்ஸிங்கை இந்தப் பளபளப்பான பாகத்துக்குப் போட்டாலும் இதே கதைதான்.

மாப்பிள்ளையின் காரில் முன் கதவுப் பட்டையும் பின் கதவுப் பட்டையும் பிளாஸ்டிக். ஈர விரல் பட்ட இடமெல்லாம் கறுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது இடது பின் கதவில் மட்டும் சாவி கிழித்த மாதிரி ஒரு நீளக் கோடு. அதில் நகம் லேசாகத் தட்டியது. அதைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தோம்.

என்னென்ன வேண்டும்

கார் ஷாம்பு, இரண்டு பக்கெட், சுத்தமான மைக்ரோஃபைபர் துணி ஆறேழு, சாதா வெள்ளை வினிகர், மாஸ்கிங் டேப், கையளவு ஃபோம் அப்ளிகேட்டர் இரண்டு, ஃபினிஷிங் பாலிஷ் ஒரு புட்டி, கடைசியில் பாதுகாப்புக்குப் பூச மெழுகான வாக்ஸோ, செயற்கைப் பூச்சான சீலன்ட்டோ. பாலிஷ் வாங்கும்போது கவனம். கடைக்காரரிடம் பாலிஷ் என்று மட்டும் கேட்டால் ரப்பிங் காம்பவுண்டை எடுத்துக் கொடுத்துவிடுவார். அது கரடுமுரடானது, டிங்கரிங் பெயின்டிங் முடிந்ததும் போடுவது. நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த மெல்லிய ரகம். புட்டியில் ஃபைன் என்றோ ஃபினிஷிங் என்றோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மெக்கானிக் கடையில் எல்லாவற்றையும் பனியன் வேஸ்ட்டில் துடைப்பார்கள். திருப்பூர்க் கழிவுத் துணி, எண்ணெய் துடைக்க அருமையானது. பில்லருக்கு வேண்டாம். தையலும் ஓர மடிப்பும் கோடு போட்டுவிடும். மைக்ரோஃபைபரிலும் ஓரத்தில் தைத்த லேபிளை முதலில் வெட்டி எடுங்கள்.

பல் துலக்கும் பேஸ்ட் வேண்டாம். அதிலும் தேய்க்கும் பொடிதான் இருக்கிறது, ஆனால் எவ்வளவு கரடு என்பது நம் கையில் இல்லை. தின்னர், பெட்ரோல், அசிட்டோன் மூன்றும் கிட்டவே வரக் கூடாது. அக்ரிலிக்கும் ஏ.பி.எஸ்.ஸும் தின்னரிலும் அசிட்டோனிலும் கரையும். நான் கற்றுக்கொண்ட ஆரம்பத்தில் ஒரு தார்ப் புள்ளியை எடுக்கத் தின்னர் நனைத்த துணியை அரை நிமிஷம் வைத்தேன். புள்ளி போனது, கூடவே அந்த இடத்தின் பளபளப்பும் போனது. துணியின் நெசவு அச்சு அப்படியே பிளாஸ்டிக்கில் பதிந்திருந்தது. அதை எந்தப் பாலிஷாலும் எடுக்க முடியவில்லை, பாகத்தையே மாற்றினேன்.

கழுவுவதும் கறை எடுப்பதும்

காலை 9 மணிக்குள், நிழலில் வேலையைத் தொடங்குங்கள். பில்லரில் புறங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடான பரப்பில் எதைப் போட்டாலும் உடனே காய்ந்து கறையாகிவிடும்.

முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் புழுதியை ஓடவிடுங்கள், துணி படக் கூடாது. பிறகு ஒரு பக்கெட்டில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்பு நனைத்த துணியால் மேலிருந்து கீழே ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் நனைக்க வேண்டும். எடுத்த மணலை மறுபடி பூசாமல் இருக்கத்தான் இரண்டு பக்கெட். பில்லரின் ஓர இடுக்கில் மணல் ஒளிந்திருக்கும். பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றை ஷாம்பு தண்ணீரில் நனைத்து இடுக்கை மட்டும் தடவி எடுங்கள்.

உப்பு வட்டம் இருந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து அந்த இடத்தின் மேல் ஒட்டினாற்போல் வையுங்கள். ஒரு நிமிஷம், மிஞ்சிப் போனால் இரண்டு. எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். காயவிடாதீர்கள். ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை வைக்கலாம், ஆனால் டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கம் கை போகக் கூடாது. வருஷக்கணக்கில் ஊறின வட்டம் பரப்பைத் தின்று பள்ளமாக்கியிருக்கும். வினிகரில் உப்பு போகும், பள்ளம் போகாது. அதற்குப் பாலிஷ்தான்.

கடைசி அலசலுக்கு ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. ராத்திரி முழுக்க ஏசி ஓடின வீட்டில் காலையில் அரை பக்கெட் சுளுவாகச் சேர்ந்திருக்கும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, கொடுத்து வைத்தவர்கள்.

காய்ந்த பிறகு விரல் நுனியை மெல்ல ஓட்டிப் பாருங்கள். ரவை ஒட்டின மாதிரி நெருடினால் பெயின்ட் தூசியோ மரப் பிசினோ ஒட்டியிருக்கிறது. கார்களுக்கென்று விற்கும் களிமண் கட்டியை, ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துக்கொண்டு, அழுத்தாமல் ஓட்டினால் அது எடுத்துவிடும். களிமண் கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மணலோடு அதைத் திரும்ப ஓட்டக் கூடாது.

டேப் ஒட்டாமல் பாலிஷைத் திறக்காதீர்கள்

பில்லரைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங்கிலும் பக்கத்துப் பெயின்ட்டின் விளிம்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பாலிஷ் ரப்பரில் பட்டுக் காய்ந்தால் வெள்ளைக் கோடாக நிற்கும், லேசில் போகாது. அப்படிப் பட்டுவிட்டால் பென்சில் அழிக்கும் ரப்பரை வைத்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். வேலை முடிந்ததும் டேப்பை உடனே எடுங்கள். வெயிலில் விட்டால் பசை ஒட்டிக்கொள்ளும்.

கையால் பாலிஷ் போடுவது

முதலில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் ஓரத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். நன்றாக வந்தால் தொடரலாம். மங்கினால் நிறுத்திவிட்டு, மறுபடி அது என்ன பொருள் என்ற சோதனைக்குப் போங்கள்.

ஃபோம் அப்ளிகேட்டரில் பட்டாணி அளவுக்கு இரண்டு சொட்டு போதும். பில்லரை மூன்று பாகமாக மனசில் பிரித்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும். முதலில் தேய்க்காமல் பாலிஷைப் பரப்புங்கள். பிறகு நடுத்தரமான அழுத்தத்தில் மேலும் கீழுமாக, பில்லரின் நீளத்துக்கு நேர்கோட்டில் தேயுங்கள். வட்டமாகத் தேய்க்கச் சொல்லித்தான் நிறையப் பேர் பழக்கியிருப்பார்கள். கையால் செய்யும்போது வட்டம் வேண்டாம். தப்பித் தவறி ஏதாவது கோடு விழுந்தாலும் நேர்கோடு ஒரு கோணத்தில்தான் தெரியும், வட்டம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மின்னும்.

இருபது முப்பது தடவை போய்வந்ததும் பாலிஷ் மெலிந்து, கண்ணாடி மேல் மூச்சு விட்ட மாதிரி லேசான படலமாக நிற்கும். அப்போது நிறுத்துங்கள். காய்ந்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தால் அதுவே கீறல் போடும். புதுத் துணியை நாலாக மடித்து, அழுத்தாமல் எடுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கம்.

இப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். மொபைல் டார்ச் போதும். நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால்தான் கோடுகள் வெளியே வரும். மாப்பிள்ளை பாகம் பிரிக்கக் குறுக்கே ஒரு டேப் ஒட்டியிருந்தார். முதல் பாகத்தை முடித்து டார்ச்சைச் சாய்த்தபோது, டேப்புக்கு மேலே பழைய சாம்பல் நிறமும் கீழே புதுக் கறுப்பும் கத்தியால் வெட்டின மாதிரி பிரிந்து நின்றது. அந்தக் கறுப்புக்குள் எதிர் வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்ட துணிகூடத் தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அடுத்த பாகத்துக்கு டேப்பை மாற்ற ஆரம்பித்தார்.

ஒரு தடவையில் எல்லாம் போய்விடாது. இரண்டு மூன்று சுற்று போகலாம். ஒவ்வொரு சுற்றும் மேலே இருக்கும் கிளியரை மிகக் கொஞ்சம் தேய்க்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கிளியரின் கனம் பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. நூற்றில் எண்பது கீறல் போனாலே கண்ணுக்குப் புதுசு மாதிரி இருக்கும். மீதி இருபதைத் துரத்தப் போய்க் கிளியரை ஓட்டையாக்காதீர்கள். முக்கியமாக ஓர முனைகளில் கிளியர் இன்னும் மெல்லியது, அங்கே கையை லேசாக விடுங்கள்.

மெஷின் வைத்திருப்பவர்களுக்கு

சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்ஷன் பாலிஷ் மெஷினும் 3 அங்குல மெத்தென்ற ஃபோம் பேடும் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். வேகம் குறைவாக வையுங்கள். ஓர் இடத்தில் நிற்காதீர்கள். இரும்புக் கதவில் சூடு நாலா பக்கமும் பரவிவிடும், பிளாஸ்டிக்கில் பரவாது, பட்ட இடத்திலேயே தேங்கும். அக்ரிலிக்கும் ஏ.பி.எஸ்.ஸும் 100 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும். இரண்டு மூன்று தடவை ஓட்டிவிட்டு விரலை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள். முதல் தடவை செய்கிறவர்கள் கையாலேயே செய்வதுதான் நல்லது என்பது என் கருத்து. பில்லர் சின்ன இடம், கை போதும். ஒரே அச்சில் மட்டும் சுற்றும் ரோட்டரி மெஷினை இதில் வைக்கவே வைக்காதீர்கள்.

நகம் தட்டும் கீறல்

நகம் தட்டாத கோடு பாலிஷில் போகும். தட்டினால் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் வேண்டும். இது ஸ்டிக்கருக்குக் கிடையாது. பெயின்ட் அடித்த பாகத்திலும் தயக்கத்தோடுதான் செய்ய வேண்டும், ஏனென்றால் கிளியரைத் தாண்டினால் திரும்பி வர வழி இல்லை. உடம்பு முழுக்கக் கறுப்பான பிளாஸ்டிக்கில் கொஞ்சம் தைரியமாக இறங்கலாம்.

2000 நம்பர் பேப்பரையும் 3000 நம்பர் பேப்பரையும் ஷாம்பு கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப் போடுங்கள். 2000-ஐ ஒரு சின்ன ஸ்பாஞ்சில் சுற்றி, தண்ணீர் விட்டுக்கொண்டே, கீறலின் மேல் மட்டும் நாலைந்து இழுப்பு. துடைத்துப் பாருங்கள். கீறல் மெலிந்தால் போதும், முழுசாக அழிய வேண்டியதில்லை. பிறகு 3000-ஐ, முன்னே தேய்த்த திசைக்குக் குறுக்கே, பழைய கோடெல்லாம் மறையும் வரை. இப்போது அந்த இடம் முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த இடத்துக்கு மட்டும் ரப்பிங் காம்பவுண்டு ஒரு சுற்று, பிறகு ஃபினிஷிங் பாலிஷ் இரண்டு சுற்று போட்டால் கறுப்பு மேலே வந்துவிடும்.

மாப்பிள்ளை காரின் அந்த நீளக் கோட்டை நாங்கள் பாதி ஆழத்தோடு விட்டுவிட்டோம். துணியில் கறுப்பு ஏறாத பாகம் அது, மேலே கிளியர் இருந்தது. தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது, அது போதும் என்று அவரே சொல்லிவிட்டார்.

பூச்சு

பாலிஷ் முடிந்த பரப்பில் அதன் எண்ணெய் கொஞ்சம் தங்கியிருக்கும். அதைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூற்றுக்கு இருபது என்ற அளவில் தண்ணீரில் கலந்து, துணியில் தெளித்து ஒரே துடைப்பில் எடுங்கள். அதை அப்படியே ஊற்ற வேண்டாம். அக்ரிலிக்கில் ஆல்கஹால் அதிகம் பட்டால் உள்ளே முடி முடியாக வெடிப்பு விடும். பாகம் அக்ரிலிக் என்று சந்தேகம் இருந்தால் ஆல்கஹாலை விட்டுவிட்டு ஷாம்பு தண்ணீரில் துடைத்துக் காயவிட்டாலே போதும்.

பிறகு வாக்ஸ், சீலன்ட், செராமிக் கோட்டிங் மூன்றில் ஒன்று. வாக்ஸ் சுலபம், ஆனால் நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் போய்விடும். சீலன்ட் சில மாதம் நிற்கும். செராமிக் அதையும்விட நீண்ட நாள் நிற்கும். அதைப் பூசினால் புட்டியில் எழுதின நேரம்வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை வரும் நாளில் தொடங்காதீர்கள். செராமிக் போட்டால் கீறலே விழாது என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். அது மிக மெல்லிய படலம். தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழிந்துபோக உதவும், மணல் துணியின் முன்னால் நிற்காது.

கீறலைத் தாங்குவது பி.பி.எஃப். என்ற தெளிவான ஃபிலிம்தான். 150 முதல் 200 மைக்ரான் கனத்தில், இழுபடும் பாலியூரித்தேனில் செய்தது. முழு காருக்கும் போட்டால் செலவு எங்கேயோ போய்விடும். பில்லர் நாலுக்கு மட்டும் என்றால் மிச்சத் துண்டிலேயே வெட்டி ஒட்டித் தருகிற கடைகள் இருக்கின்றன. புதுக் கார் எடுக்கிறவர்கள் முதல் வாரத்திலேயே இதை மட்டும் செய்துவிட்டால் இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

தேறாது என்றால்

ஸ்டிக்கர் மங்கினால் பாலிஷ் போட வேண்டாம். மாற்றுவதுதான் வழி, அதுவும் ரொம்ப கஷ்டமில்லை. ஹேர் டிரையரால் சூடு காட்டி, ஒரு மூலையைக் கிளப்பி, மெதுவாகத் தாழ்வான கோணத்தில் மடித்து உரியுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் ஸ்டிக்கர் துண்டு துண்டாகும், பசை அங்கேயே தங்கிவிடும். தங்கின பசைக்கு நீலகிரித் தைலம் நல்ல மருந்து. துணியில் கொஞ்சம் எடுத்து ஒற்றி, ஊறவிட்டுத் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். இது இரும்பின் மேல் உள்ள கம்பெனிப் பெயின்ட்டுக்கு மட்டும். பிளாஸ்டிக் பாகத்தில் தைலம் படக் கூடாது, அதை இளக்கிவிடும். புது வினைலை நீங்களே ஒட்டலாம்தான். ஆனால் ஓர மடிப்பில் குமிழியும் சுருக்கமும் இல்லாமல் முடிக்கக் கைப்பழக்கம் வேண்டும். முதல் தடவை என்றால் ஸ்டிக்கர் கடையில் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.

கிளியர் உரிந்த பிளாஸ்டிக் பாகத்துக்கு மூன்று வழி. முதலில் புதுப் பாகத்தின் விலையைக் கேளுங்கள், சில மாடல்களில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும். அது கட்டுப்படியாகாவிட்டால், உரிந்த விளிம்பைத் தேய்த்துச் சமமாக்கி மேலே பளபளப்பான கறுப்பு வினைல் ஒட்டுவது. மூன்றாவது, பெயின்ட் கடையில் கொடுத்து பிளாஸ்டிக் பிரைமர், கறுப்பு, கிளியர் என்று வரிசையாக அடிப்பது. பிளாஸ்டிக் பிரைமர் போடாமல் அடித்தால் ஒரு மழைக்காலத்தில் உரிந்துவிடும், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஹார்டனர் கலக்கும் கிளியரை வீட்டு மாடியில் அடிக்க முயல வேண்டாம். அதன் புகையில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது.

பிறகு பார்த்துக்கொள்வது

காய்ந்த துணி பில்லரைத் தொடக் கூடாது. புழுதி இருந்தால் முதலில் தண்ணீர், அப்புறம்தான் துணி. தினமும் கார் துடைக்க ஆள் வைத்திருந்தால் அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. பத்து காரை அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய வேலை அவருடையது. மாப்பிள்ளை செய்தது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் ஒரு தெளிப்பு புட்டியும் வாங்கிக் கொடுத்து, “அண்ணே, இந்தக் கறுப்பு மட்டும் நான் பார்த்துக்கிறேன், மத்ததுக்கு இந்தத் துணியை வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டார்.

கார் கவர் போடுகிறவர்கள், காரைக் கழுவாமல் கவரை மூடாதீர்கள். காற்றில் கவர் படபடக்கும்போது உள்ளே சிக்கின புழுதி ராத்திரி முழுக்கப் பில்லரை உரசும். வேப்பமர நிழலும் புங்கமர நிழலும் வெயிலுக்கு நல்லது, ஆனால் காக்கை எச்சம் விழும். விழுந்ததைப் பார்த்ததும் ஈரத் துணியை மேலே ஐந்து நிமிஷம் வைத்து, ஊறவிட்டு, தேய்க்காமல் தூக்கி எடுங்கள். வெயிலில் காய்ந்து ஒரு நாள் நின்றால் கிளியரில் தழும்பு விழுந்துவிடும்.

சீலன்ட் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, கழுவும்போது தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் இருக்கிறது. தகடு மாதிரி பரவி நின்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷாம்பு போட்டுக் கழுவி, காயவிட்டு, இன்னொரு கை பூசிவிடுங்கள். பாலிஷ் தேவையில்லை, பூச்சு மட்டும். நாலு பில்லருக்கும் சேர்த்து இருபது நிமிஷ வேலை.